மருந்துக்கு மசியாத உயிர்ப்படலத் தொற்று: புதிய சிகிச்சைகள் எதுவரை வந்திருக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மூட்டு மாற்றி ஆறு மாதம் கழித்துச் சீழ் வடிகிறவர், டயாலிசிஸ் குழாய் வழியாகத் திரும்பத் திரும்பக் குளிர்காய்ச்சல் வருகிறவர், ஆறாத கால் புண்ணோடு அலைகிறவர். இவர்களின் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளும், கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. பதில்கள் நீளமும் குட்டையுமாக இருக்கும். சிலவற்றுக்கு விஷயம் அவ்வளவுதான்.

உயிர்ப்படலம் என்றால் என்ன?

பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழ்வதுதான் உயிர்ப்படலம். மருத்துவர்கள் பயோஃபிலிம் என்பார்கள். அந்தப் பசையில் சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த பாக்டீரியாக்களிலிருந்து வெளிவந்த டி.என்.ஏ. எல்லாம் பின்னிக் கிடக்கும். காலையில் பல் துலக்குவதற்கு முன் நாக்கால் தடவினால் பல்லில் வழுவழுவென்று படுகிறதே, அதுவே உயிர்ப்படலம்தான். 1683-ல் நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடியான லேவன்ஹுக் தன் பல்லைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து வியந்ததும் இதைத்தான். ஆனால் நோயோடு இதை முடிச்சுப் போட்டுப் பேசத் தொடங்கியது 1970-களில். கனடாவில் பில் காஸ்டர்டன், டென்மார்க்கில் நீல்ஸ் ஹாய்பி போன்றவர்கள் அதற்கு முக்கியக் காரணம்.

நீண்ட நாள் உள்ளே இருந்த சிறுநீர்க் குழாயை எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், உட்சுவரில் மங்கலாக ஒரு படலம் தெரியும், விரலில் பட்டால் வழுக்கும். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா இருந்தால் இன்னும் மோசம். அது யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும். அதனால் உப்புகள் படிந்து படலத்துக்குள்ளேயே மணல் மணலாகக் கட்டிக் குழாயை அடைத்துவிடும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துக்கு நேரே 'எஸ்' என்று போட்டிருக்கிறது. பிறகு ஏன் அந்த மருந்து கேட்கவில்லை?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. கல்ச்சர் என்பது மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று பொருள். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். ஆய்வகத்தில் மருந்தைச் சோதிக்கும்போது பாக்டீரியாவைச் சத்துள்ள திரவத்திலோ தட்டிலோ புதிதாக, வேகமாக வளரவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த நிலையில் மருந்து அதைக் கொல்கிறது, அதனால் 'எஸ்'. உடம்புக்குள் உலோக மூட்டின் மேல் இருக்கும் அதே பாக்டீரியா அப்படி வளர்வதில்லை. அதே மருந்தால் படலத்துக்குள் இருப்பதை அழிக்க, சில நேரம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூட அதிக அளவு தேவைப்படும். அவ்வளவு கொடுத்தால் நோயாளியின் சிறுநீரகம் தாங்காது.

ஏன் அப்படி? பசை மருந்தைத் தடுக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பல மருந்துகள் பசைக்குள் நுழைந்துவிடும். பெரிய காரணம் உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் நிலை. படலத்தின் அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு, அதனால் அவை வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தட்டத் தூங்குகின்றன. பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்பவை. கட்டும் வேலையே நடக்காத இடத்தில் கெடுக்க என்ன இருக்கிறது? மருந்து நின்றதும் இவை விழித்துக்கொண்டு மறுபடி பெருகும். மாத்திரை சாப்பிடும்வரை காய்ச்சல் இல்லை, நிறுத்திப் பத்து நாளில் திரும்பி வந்தது என்று குடும்பத்தார் சொல்வது இதனால்தான்.

படலத்தில் வளரவிட்டே மருந்தைச் சோதிக்கும் கருவி 1999-லேயே கனடாவின் கால்கரியில் உருவாகிவிட்டது. ஆனால் அந்த முடிவை வைத்து மருந்து கொடுத்தால் நோயாளி கூடுதலாகக் குணமடைகிறார் என்று இன்னும் தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. அதனால் வழக்கமான ரிப்போர்ட்டில் அது இடம்பெறவில்லை.

அப்படியென்றால் இதுவும் மருந்து எதிர்ப்பும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. மருந்து எதிர்ப்பு என்பது மரபணுவில் வரும் மாற்றம், வாரிசுகளுக்கும் போகும். உயிர்ப்படலத்தின் தாங்குதிறன் நிலைமையால் வருவது. அதே பாக்டீரியாவைப் படலத்திலிருந்து பிரித்து வளர்த்தால் மருந்துக்குச் சாதாரணமாகச் சாகும். 1944-லேயே ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர், பென்சிலின் ஊற்றிய குடுவையில் சில ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் பிழைத்துக்கிடப்பதையும், அவற்றின் வாரிசுகள் பென்சிலினுக்குச் சாவதையும் பார்த்து எழுதினார்.

இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் பெரிய ஆபத்து. படலத்துக்குள் பாக்டீரியாக்கள் நெருங்கி இருப்பதால் எதிர்ப்பு மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வது எளிது. போதாத அளவு மருந்து படும்போது சில பாக்டீரியாக்கள் படலத்தை இன்னும் தடிமனாகக் கட்டுகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இப்படி நடந்துகொள்வதை 2005-ல் காட்டினார்கள். 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்கு மருந்து எதிர்ப்பு நேரடிக் காரணம் என்று லான்செட் இதழ் கணக்கிட்டது. அதில் படலத்துக்கென்று தனிக் கணக்கு கிடையாது.

எந்த நோய்களில் இது வரும்?

உடம்புக்குள் வைக்கும் எந்தப் பொருளிலும் வரலாம்: செயற்கை மூட்டு, எலும்பு முறிவுக்குப் போடும் பிளேட், பேஸ்மேக்கர், இதய வால்வு, டயாலிசிஸ் கதீட்டர், சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் குழாய். பொருளே இல்லாத இடத்திலும் உண்டு. நாள்பட்ட புண், எலும்பில் சீழ், கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரின் நுரையீரல் எல்லாம் அப்படித்தான்.

இப்போது நடைமுறையில் என்ன சிகிச்சை தருகிறார்கள்?

முதல் வேலை மருந்தைவிடக் கத்தியோடு தொடர்புடையது. எடுக்கக்கூடிய குழாய் என்றால் எடுத்துவிடுவார்கள். செயற்கை மூட்டு என்றால் இரண்டு வழி. தொற்று வந்து மூன்று வாரத்துக்குள் இருந்து, மூட்டும் ஆடாமல் உறுதியாக இருந்தால், திறந்து சுரண்டிக் கழுவி மூட்டை அப்படியே வைத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள். நாள் கடந்துவிட்டால் மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் துண்டை இடத்தில் வைத்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் புது மூட்டு வைப்பார்கள். 'ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவதால் நோயாளி முதல் வழியை இழக்கிறார். எனக்கு மனசு கேட்காமல் போவது இந்தத் தாமதத்தைப் பார்க்கும்போதுதான்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் படலத்தில் நன்றாக வேலை செய்யும் ஒரு பழைய மருந்து உண்டு: ரிஃபாம்பிசின். 1998-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பொருளை எடுக்காமல் கழுவிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசினும் சேர்த்து முழுக்காலமும் சாப்பிட்ட 12 பேரில் 12 பேரும் குணமானார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் சாப்பிட்ட 12 பேரில் 7 பேர். எண்ணிக்கை சின்னது, ஆனாலும் இன்றுவரை சிகிச்சை முறைகள் அதன் மேல் நிற்கின்றன. இதைத் தனியாகக் கொடுத்தால் நாட்கணக்கில் எதிர்ப்பு வந்துவிடும், துணை மருந்து கட்டாயம் வேண்டும். அப்புறம் இது காசநோய் மருந்தும்கூட. நம் ஊரில் எலும்பு, மூட்டுத் தொற்று காசநோயாகவே இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அதை விலக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், வார்ஃபரினின் வேலையை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும்.

மூன்று மாதம் மருந்து அவசியமா? காசு பார்க்கச் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறதே?

சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் இதற்கு நேரடியான ஆய்வு இருக்கிறது. பிரான்சில் செயற்கை மூட்டுத் தொற்றுக்கு 6 வாரம் போதுமா, 12 வாரம் வேண்டுமா என்று ஒப்பிட்டார்கள். 2021-ல் முடிவு வந்தது. 6 வாரம் சாப்பிட்டவர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று நீடித்தது, 12 வாரம் சாப்பிட்டவர்களில் 9.4 சதவீதம். பாதிக்குப் பாதி வித்தியாசம். செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. எலும்பு, மூட்டுத் தொற்றுகளில் தகுந்த மாத்திரை, ஊசிக்குச் சளைத்ததல்ல என்று 1,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019-ல் காட்டியது. 'எப்போது மாத்திரைக்கு மாறலாம்?' என்று தாராளமாகக் கேளுங்கள்.

இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக் கண்டுபிடித்தால் பிரச்சினை தீராதா?

பாதி தீரும். எதிர்ப்பை உடைக்கும் மருந்துகள் நிச்சயம் வேண்டும். சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபாக்டம், செஃபிபீம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் மண்ணில் பிறந்த மருந்து அந்த வரிசையில் நிற்பது பெருமையான விஷயம். ஆனால் அது பாக்டீரியா மருந்தைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கும் மருந்து. தூங்கும் பாக்டீரியாவை எழுப்பிக் கொல்லும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. குழாய் உள்ளேயே இருந்தால் எந்தப் புது மருந்தும் தற்காலிகம்தான்.

படலத்துக்கு எதிரான சிகிச்சைக்கு மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பசையைக் குலைக்க வேண்டும், தூங்குவதையும் சேர்த்துக் கொல்ல வேண்டும், அழுக்கை வெளியேற்ற வேண்டும். ஒன்றை மட்டும் செய்யும் மருந்து எவ்வளவு புதியதாக இருந்தாலும் ஏமாற்றும். கீழே வரும் பதில்களை இந்த அளவுகோலோடு படியுங்கள்.

பசையைக் கரைக்கும் மருந்து இருக்கிறதா?

இருக்கிறது, முழுமையாக இல்லை. டி.என்.ஏ.வை வெட்டும் நொதியான டோர்னேஸ் ஆல்ஃபா 1993 முதல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் கெட்டிச் சளியை இளக்கப் பயன்படுகிறது. 2002-ல், சூடோமோனாஸ் படலம் உருவாகவே டி.என்.ஏ. தேவை என்றும், இந்த வகை நொதி இளம் படலத்தைக் கரைக்கும் என்றும் கண்டார்கள். முற்றிய படலத்தில் அது அவ்வளவாக எடுபடவில்லை. வாயில் வாழும் ஒரு பாக்டீரியா, தன் படலத்தை விட்டுக் கிளம்புவதற்குச் சுரக்கும் டிஸ்பர்சின்-பி என்ற நொதியும் நீண்டகாலமாக ஆய்வில் இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி இது. பாக்டீரியாவே வெளியேறப் பயன்படுத்தும் சாவியை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். படலம் குலையும்போது உள்ளே இருந்த பாக்டீரியாக்கள் மொத்தமாக இரத்தத்தில் கலந்தால் செப்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான நிலை வரலாம். அதனால் நொதியைத் தனியாகக் கொடுக்க முடியாது. வெளியே வருவதைக் கொல்ல ஆன்டிபயாடிக் அந்த நேரத்தில் இரத்தத்தில் காத்திருக்க வேண்டும்.

பாக்டீரியாக்கள் பேசிக்கொள்வதைத் தடுக்கும் மருந்து என்று படித்தேன். அது எப்படி?

பாக்டீரியாக்கள் சிறு வேதிப்பொருட்களைச் சுரந்து, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறோம் என்று அறிகின்றன. போதுமான கூட்டம் சேர்ந்ததும் படலம் கட்டுவது, நச்சு சுரப்பது போன்றவற்றைத் தொடங்கும். ஆஸ்திரேலியக் கடலோரத்துச் சிவப்புப் பாசி ஒன்று இந்தச் சமிக்ஞையைக் குழப்பும் ஃபுரனோன் என்ற பொருளைச் சுரக்கிறது. அதை மருந்தாக்க முயன்றபோது நச்சுத்தன்மை தடையானது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் சாஸ்த்ராவிலும் இந்தத் திசையில் ஆராய்ச்சிக் குழுக்கள் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. காரைக்குடியில் இயற்கைச் சேர்மங்களையும், தஞ்சாவூரில் ஸ்டாஃபிலோகாக்கஸின் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறுகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதர்களுக்குத் தரும் மருந்தாக இந்த வகையில் இன்னும் எதுவும் கடைக்கு வரவில்லை. புதிதாகப் படலம் கட்டாமல் தடுப்பதில் இதற்கு எதிர்காலம் உண்டு, கட்டி முடித்ததை உடைப்பதில் நான் அவ்வளவு நம்பிக்கை வைக்கவில்லை.

ஃபேஜ் சிகிச்சை உண்மையிலேயே பலிக்கிறதா?

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ், மனிதச் செல்லைத் தொடாது. 1896-லேயே ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். 1917-ல் டி ஹெரெல் என்ற நுண்ணுயிரியலாளர் இந்த வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர் வைத்தார். ஜார்ஜியாவின் திபிலீசியில் இருக்கும் எலியாவா நிலையம் 1923-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. இந்தியாவிலிருந்தும் நோயாளிகள் அங்கே போயிருக்கிறார்கள்.

நவீன மருத்துவம் திரும்பிப் பார்த்தது 2016-ல். அமெரிக்காவின் சான் டியேகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர், எந்த மருந்துக்கும் மசியாத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவால் கோமாவில் கிடந்தார். தொற்றுநோயியல் நிபுணரான அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி உலகெங்கும் எழுதிக் கேட்டு, டெக்சாஸிலிருந்தும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்திலிருந்தும் ஃபேஜ்களை வரவழைத்தார். பேட்டர்சன் பிழைத்தார்.

அதைவிட எனக்குச் சுவையானது யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒரு முதியவரின் மகாதமனியில் வைத்த செயற்கைக் குழாயில் சூடோமோனாஸ் படலம் பிடித்து, அவர் ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக்கிலேயே வாழ்ந்தார். கனெக்டிகட்டில் ஒரு குளத்திலிருந்து பிரித்த ஃபேஜ் ஒன்றை, செஃப்டாசிடிம் மருந்தோடு ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். அந்த ஃபேஜ் பாக்டீரியாவைப் பிடிக்கும் கைப்பிடி, பாக்டீரியா மருந்தை வெளியே தள்ளும் பம்பின் ஒரு பகுதி. ஃபேஜிலிருந்து தப்பிக்க அந்தப் பகுதியை மாற்றினால் பம்பு பழுதாகி மருந்துக்குச் சாக வேண்டும். பம்பைக் காப்பாற்றினால் ஃபேஜிடம் சாக வேண்டும். தொற்று திரும்பவில்லை என்று 2018-ல் பதிவு செய்தார்கள்.

தோல்வியையும் மறைக்கக் கூடாது. தீக்காயங்களில் ஃபேஜ் கலவையைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வில், தயாரித்த பிறகு ஃபேஜ்கள் குப்பிக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. மில்லிக்கு 10 லட்சம் என்று திட்டமிட்டது, நோயாளியிடம் போய்ச் சேர்ந்தபோது நூறு என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். பிரஸ்ஸல்ஸ் ராணுவ மருத்துவமனை ஒருங்கிணைத்த 100 நோயாளிகளின் தொகுப்பு 2024-ல் வந்தது. 77 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், 61 சதவீதம் பேரிடம் குறிவைத்த கிருமி ஒழிந்தது. ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுக்காதவர்களில் ஒழிப்பு வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத தொகுப்பு என்பதால் இதை உறுதியான நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஃபேஜும் மருந்தும் கூட்டாளிகள் என்பதை இது மறுபடி காட்டுகிறது.

ஃபேஜிலிருந்து எடுத்த நொதிகள்?

பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் இந்த நொதிகளை லைசின் என்பார்கள். எக்செபகேஸ் என்ற லைசின் இரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றுக்காக மூன்றாம் கட்ட ஆய்வுவரை போனது. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2022-ல் நிறுத்தப்பட்டது. இரண்டாம் கட்டத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ்) நோயாளிகளிடம் நம்பிக்கை தந்த மருந்து அது.

தொற்று வராமலே தடுக்கும் புது வழிகள்?

உண்மையான வெற்றிகள் இங்கேதான் அதிகம், பேசப்படுவதோ குறைவு. பேஸ்மேக்கரைச் சுற்றி வைக்கும், மினோசைக்ளினும் ரிஃபாம்பிசினும் தடவிய வலைப்பை, சுமார் 7,000 பேரிடம் நடந்த ஆய்வில் பெரிய தொற்றுகளை 1.2 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாக இறக்கியது. டயாலிசிஸ் கதீட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே நிரப்பி வைக்கும், கிருமியைக் கொல்லும் டாரோலிடினும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரினும் சேர்ந்த கலவை, வெறும் ஹெபரினோடு ஒப்பிட்டால் இரத்தத் தொற்று அபாயத்தை 71 சதவீதம் குறைத்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டாரோலிடின் ஆன்டிபயாடிக் அல்ல என்பது கூடுதல் நன்மை.

எல்லாப் பூச்சும் வேலை செய்வதில்லை. வெள்ளி பூசிய சிறுநீர்க் குழாயை பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை. தேவையில்லாத குழாயை அன்றைக்கே எடுத்துவிடுவதற்கு ஈடாக எந்தப் பூச்சும் இதுவரை வரவில்லை.

நானோ வெள்ளி, மஞ்சள், பூண்டுச் சாறு இதெல்லாம் படலத்தை அழிக்கும் என்கிறார்களே?

ஆய்வகத் தட்டில் அழிக்கும். இப்படி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு கிருமியை பிளாஸ்டிக் தட்டில் ஒரு நாள் வளர்த்து, மேலே மருந்தை ஊற்றிப் பார்த்தவை. உடம்பில் இருப்பது மாதக்கணக்கில் முற்றியது, பல கிருமிகள் கலந்தது, மேலே இரத்தமும் சீழும் மூடியது. தட்டில் பயன்படுத்திய செறிவு வாய்வழி சாப்பிட்டால் மூட்டுக்குப் போய்ச் சேராது. மஞ்சள் சமையலுக்கு நல்லது, சீழ் வடியும் அறுவைக் காயத்தின் மேல் போடாதீர்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலும் படலம்தானா?

பெரும்பாலும் ஆமாம். 2008-ல் வந்த ஒரு ஆய்வில் நாள்பட்ட 50 புண்களில் 30-ல் படலம் தெரிந்தது, புதிய 16 காயங்களில் ஒன்றில் மட்டுமே தெரிந்தது. செத்த சதையைத் திரும்பத் திரும்பச் சுரண்டி எடுப்பதுதான் முக்கிய சிகிச்சை. சுரண்டிய பிறகு படலம் மறுபடி முற்றுவதற்கு முன் உள்ள குறுகிய காலத்தில்தான் மேற்பூச்சு மருந்துகள் எடுபடும். காலில் அழுத்தம் படாமல் பார்ப்பதும், இரத்த ஓட்டத்தைச் சரிசெய்வதும் இல்லாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் எதிர்ப்புதான் வளரும்.

நல்ல முடிவு தந்த ஆராய்ச்சிகள் மருந்தாக வர ஏன் இவ்வளவு காலம்?

படலத் தொற்று குணமானதா என்று தெரியவே ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். நோயாளிக்கு நோயாளி கிருமி, கருவி, அறுவை முறை எல்லாம் மாறும், அதனால் சீராக ஒப்பிடுவது கடினம். பணமும் இன்னொரு காரணம். பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018-ல் அனுமதி வாங்கிய அக்காஜென் நிறுவனம், அடுத்த ஆண்டே திவாலானது. நல்ல மருந்தைக் குறைவாகப் பயன்படுத்துங்கள் என்று மருத்துவம் சொல்கிறது, அதிகம் விற்றால்தான் பிழைப்பு என்று சந்தை சொல்கிறது. விற்ற அளவைப் பார்க்காமல் ஆண்டுக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குத் தரும் முறையை பிரிட்டன் தொடங்கியிருக்கிறது. இந்தியா போல நோய்ச்சுமை அதிகமுள்ள நாடு இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டும்.

எங்கள் வீட்டு நோயாளிக்காக மருத்துவரிடம் எதைக் கேட்பது?

கிருமி எது என்று தெரியுமா, திசு மாதிரி எத்தனை இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். புண்ணின் மேலே பஞ்சால் ஒற்றி எடுத்த ஒரே மாதிரியை நம்பி மூன்று மாத மருந்து தொடங்குவது சரியல்ல. கழற்றிய மூட்டை உப்பு நீரில் இட்டு, ஒலி அதிர்வால் படலத்தை உதிர்த்து, அந்த நீரைக் கல்ச்சர் செய்யும் வசதி இருக்கிறதா என்றும் கேட்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2007-ல் இப்படிச் செய்தபோது 78.5 சதவீதத் தொற்றுகள் பிடிபட்டன, வழக்கமான திசுக் கல்ச்சரில் 60.8 சதவீதம்தான்.

இன்னொன்று. சந்தேகம் வந்ததும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனால், கல்ச்சரில் கிருமி வளராமல் போகும். அதற்காகவே, உடல்நிலை அனுமதித்தால் மாதிரி எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது ஆன்டிபயாடிக்கை மருத்துவரே நிறுத்தி வைப்பார். கடுங்காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை இருந்தால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. உடனே மருத்துவமனையில் சேர வேண்டும், இரத்த மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.